கால்நடை ஏற்றுமதிக்குத் தணிக்கையாளரைத் தேர்ந்தெடுப்பது: எல்லையோர வியாபாரிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எனக்கு ஊர் கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில் எல்லையோரக் கொழிஞ்சாம்பாறை. வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம், பிழைப்பு இரண்டிலும். பொள்ளாச்சி, உடுமலை, சித்தூர் தாலுகா பக்கம் ஆடு, எருமை வாங்கி நிறுத்தி ஏற்றுமதியாளர்களுக்குக் கொடுப்பவர்களுக்குக் காகித வேலை பார்த்துத் தருகிறேன். கடந்த சில வருடமாக போன் எடுத்தால் ஒரே கேள்விதான்: "வாங்குற கம்பெனி சுயேச்சையான தணிக்கையாளர் வேணும்னு எழுதியிருக்குதுங்க, யாரைப் போடறது?" துண்டு துண்டாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

தணிக்கையாளர் என்றால் எங்கள் ஆடிட்டர்தானே? அவரே கையெழுத்துப் போட மாட்டாரா?

மாட்டார். போட்டாலும் செல்லாது. நம் ஊரில் ஆடிட்டர் என்றதும் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்பவர்தான் நினைவுக்கு வருகிறார். அவர் பார்ப்பது பணக் கணக்கு. இவர் பார்ப்பது ஆட்டின் கணக்கு: எங்கே பிறந்தது, யார் கையில் மாறியது, எப்படி நின்றது, எப்படி ஏறியது, எங்கே இறங்கியது.

சரி, அவர் வந்து என்னதான் பார்ப்பார்?

காகிதத்தில் இருப்பதும் தொழுவத்தில் இருப்பதும் ஒன்றா என்று பார்ப்பார். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த அவ்வளவு பெரிது. காது வில்லையில் இருக்கும் 12 இலக்க எண் பதிவேட்டில் இருக்கிறதா, கோமாரித் தடுப்பூசியும் ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியும் போட்ட தேதிக்குச் சீட்டு இருக்கிறதா, நோயுள்ளதைத் தனியாக நிறுத்த இடம் உண்டா, தண்ணீர்த் தொட்டி கடைசி ஆட்டுக்கும் எட்டுகிறதா, லாரியில் தலைக்கு எவ்வளவு இடம், டிரைவருக்கு வழியில் ஆடு படுத்துவிட்டால் என்ன செய்வது என்று தெரியுமா, இறங்கிய இடத்தில் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா. அறுப்புக்குப் போகிற சரக்கென்றால் கூடம்வரை போய்ப் பார்ப்பார்.

இதில் பாதியை உட்கார்ந்த இடத்திலிருந்தே எழுதிவிடலாம் என்பதுதான் தொல்லை. அப்படி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

சட்டப்படி இது கட்டாயமா?

நம் நாட்டில் சட்டம் கேட்பது அரசுப் பக்கத்துச் சான்றுகளை. வண்டியில் ஏற்றும் முன் கால்நடை மருத்துவரின் தகுதிச் சான்று, 1978ஆம் வருடக் கால்நடைப் போக்குவரத்து விதிகள், மோட்டார் வாகன விதிகளில் 125-இ (வண்டியில் ஒவ்வொரு விலங்குக்கும் எவ்வளவு இடம் என்று சொல்வது), உயிருடன் வெளிநாடு போனால் விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையத்தின் சுகாதாரச் சான்று. அந்த நிலையங்களில் ஒன்று சென்னையில் இருக்கிறது. சுயேச்சைத் தணிக்கை என்பது பெரும்பாலும் வாங்குபவரின் ஒப்பந்தத்திலிருந்து வருவது. சில சமயம் காப்பீட்டுக்காரர்களோ வங்கியோ கேட்பதும் உண்டு.

சட்டத்தில் இல்லாததால் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால், அது இல்லாத சரக்கை வாங்குபவர் திருப்பி அனுப்பலாம். உயிருள்ள சரக்கைத் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. ஏற்றுமதிக் கொள்கை அடிக்கடி ஆடும். 2023 ஜூனில் கால்நடை இறக்குமதி, ஏற்றுமதிக்கென்று மத்திய அரசு ஒரு வரைவு மசோதா வெளியிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதத்தில் திரும்பப் பெற்றது. ஆகவே போன வருடம் போனது இந்த வருடமும் போகும் என்று நினைக்காமல், ஒவ்வொரு சரக்குக்கும் முன்னால் அன்றைய நிலையைப் பாருங்கள்.

இந்தத் தணிக்கை என்கிற வழக்கம் எங்கிருந்து வந்தது? நேற்றுவரை இல்லையே?

பெரும்பங்கு ஆஸ்திரேலியாவிலிருந்து. 2011 மே மாதக் கடைசியில், இந்தோனேசிய அறுப்புக் கூடங்களில் ஆஸ்திரேலிய மாடுகள் படும் பாடு அந்நாட்டுத் தொலைக்காட்சியில் வந்தது. ஜூன் மாதம் அரசு இந்தோனேசியாவுக்கு மாடு போவதையே நிறுத்திவிட்டது. ஒரு மாதம் போலத்தான் நின்றது. ஆனால் அதற்குள் வடக்கு ஆஸ்திரேலியப் பண்ணைக்காரர்கள் பலர் நொடிந்துபோனார்கள். அந்தத் தடையே செல்லாது என்று 2020இல் நீதிமன்றம் சொன்னது, அது தனிக்கதை.

திரும்பத் திறந்தபோது எஸ்காஸ் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். அதில் நான்கு சங்கதி. விலங்கை நடத்தும் விதம் உலக விலங்கு ஆரோக்கிய அமைப்பின் நெறிகளுக்கு ஒத்திருக்க வேண்டும். கப்பலை விட்டு இறங்கிய பிறகும் அறுப்பு முடியும்வரை சரக்கு ஏற்றுமதியாளரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். ஒவ்வொரு தலைக்கும் தடம் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் சுயேச்சையான ஒருவர் தணிக்கை செய்ய வேண்டும். முன்பெல்லாம் கப்பலேற்றியதோடு கை கழுவிவிடலாம். அதன் பிறகு முடியவில்லை.

அதோடும் நிற்கவில்லை. 2017இல் வளைகுடாவுக்குப் போன அவாசி எக்ஸ்பிரஸ் என்ற கப்பலில் வெப்பம் தாங்காமல் சுமார் 2,400 செம்மறிகள் செத்தன. கப்பலில் பயிற்சிக்கு இருந்த இளம் மாலுமி ஒருவர் எடுத்த காட்சிகள் 2018இல் வெளியே வந்த பிறகுதான், கப்பலிலேயே சுயேச்சைப் பார்வையாளரை அனுப்பத் தொடங்கினார்கள். நியூசிலாந்து 2023 ஏப்ரலோடு கடல்வழி கால்நடை ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. ஆஸ்திரேலியாவில் கடல்வழி செம்மறி ஏற்றுமதி 2028 மே 1 முதல் நிற்க வேண்டும் என்று 2024இல் சட்டமே வந்துவிட்டது.

நமக்கு இதில் என்ன? வளைகுடாவில் நம் சரக்கை வாங்குபவர்களில் பலர் ஆஸ்திரேலியச் சரக்கையும் வாங்கிப் பழகியவர்கள். அந்தப் படிவங்களைப் பார்த்தவர்கள் நம்மிடமும் அதே மாதிரி ஒன்றைக் கேட்கிறார்கள்.

எங்கள் ஊர் கால்நடை டாக்டர் தங்கமான மனிதர். அவரையே தணிக்கையாளராகப் போட்டால் என்ன?

தங்கமானவராகவே இருக்கட்டும். வண்டிக்குத் தகுதிச் சான்று கொடுப்பவர் அவர். அவர் கொடுத்த சான்று சரியா என்று அவரே பார்ப்பது எப்படி? அவரையும் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள்.

சுயேச்சை என்றால் எவ்வளவு தூரத்துக்குச் சுயேச்சை? நம் பக்கம் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் சொந்தம்தானே?

நியாயமான கேள்வி. இதற்கு நான் பட்டதையே சொல்கிறேன்.

சில வருடம் முன்பு ஒரு வியாபாரிக்கு ஆவண வேலை பார்த்தேன். அவர் போட்ட தணிக்கையாளர் அவருடைய மச்சானுக்குக் கல்லூரிக் கூட்டாளி. படித்தவர், விஷயம் தெரிந்தவர். மூன்று சரக்குக்கு மூன்று அறிக்கை வந்தது. மூன்றிலும் ஒரு குறைகூட இல்லை. நான்தான் அவற்றைத் தட்டச்சு செய்து அனுப்பினேன், எனக்கும் அது உறுத்தவில்லை. நான்காவது சரக்குக்கு வாங்குபவர் பக்கத்திலிருந்து ஒருவர் சொல்லாமல் வந்தார். தொழுவத்தில் நின்ற 140 ஆட்டில் 12 ஆட்டின் காது வில்லை எண் பதிவேட்டில் இல்லை. பதிவேட்டில் ஓர் எண் இரண்டு இடத்தில் இருந்தது. வந்தவர் அந்தப் பன்னிரண்டு ஆட்டைப் பற்றிக் கோபப்படவே இல்லை. "சந்தையில் வாங்கும்போது நடப்பதுதான்" என்றார். பிறகு பையிலிருந்து முந்தைய மூன்று அறிக்கைகளை எடுத்து மேஜைமேல் வைத்து, "அப்படியானால் இவை என்ன?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. அந்த ஒப்பந்தம் அத்தோடு போயிற்று.

அதிலிருந்து மூன்று விஷயங்களைக் கறாராகப் பார்க்கிறேன். அந்த ஆளுக்கோ அவர் வீட்டாருக்கோ உங்கள் வியாபாரத்தில், லாரியில், தீவனக் கடையில் பங்கோ கொடுக்கல் வாங்கலோ இருக்கக் கூடாது. அவரோ அவர் நிறுவனமோ உங்களுக்கு ஆலோசகராக வேலை பார்த்திருக்கக் கூடாது. மேலாண்மைச் சான்று தரும் நிறுவனங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17021-1 நெறியே, ஆலோசனை சொன்ன இடத்துக்குக் குறைந்தது இரண்டு வருடம் சான்று தரக் கூடாது என்கிறது. மூன்றாவது, அவருக்கு உங்களைத் தவிர வேறு வாடிக்கையாளரும் இருக்க வேண்டும். நீங்கள் ஒருவர்தான் சோறு போடுகிறீர்கள் என்றால் அவர் உங்களை எதிர்த்து எழுத மாட்டார்.

தூரத்துச் சொந்தம், ஒரே ஊர் என்பதெல்லாம் தானாகவே தகுதிக் குறைவு ஆகாது. மறைப்பதுதான் வினை. "இவர் என் பெரியப்பா பையனோட மைத்துனர்" என்று முதல் கடிதத்திலேயே வாங்குபவருக்கு எழுதிவிடுங்கள். வேண்டாம் என்றால் வேறு ஆள் பார்க்கலாம்.

பணம் நாம்தானே கொடுக்கிறோம். பிறகெப்படி அவர் நம் ஆள் இல்லாமல் போவார்?

பணம் கொடுப்பதில் தப்பில்லை, உலகம் முழுக்க அப்படித்தான். எதற்குக் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் வித்தியாசம். இத்தனை நாள் வேலை, இத்தனை கிலோமீட்டர் பயணம், அறிக்கை எழுத ஒரு நாள் என்று கணக்குப் போட்டுக் கேட்பவர் சரி. "தலைக்கு இவ்வளவு ரூபாய்" என்றோ, "சரக்குப் போனால் இவ்வளவு, போகாவிட்டால் பாதி" என்றோ பேசுபவரை அப்போதே அனுப்பிவிடுங்கள். ஆடு கூடினால் அவருக்கும் காசு கூடும் என்றால் அவர் தரகர். நம் சந்தையில் தரகருக்கு மரியாதை உண்டு, ஆனால் அது வேறு தொழில்.

முடிந்தால் அறிக்கை கைக்கு வருவதற்கு முன்பே முழுப் பணத்தையும் கொடுத்துவிடுங்கள். பாக்கி வைத்தால் அந்தப் பாக்கி அறிக்கையில் எழுதும்.

அங்கீகாரம் பெற்றவர் என்று எப்படித் தெரிந்துகொள்வது? எல்லோரும் முத்திரை வைத்திருக்கிறார்களே.

முத்திரையில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, அதைக் கொடுத்தது யார். இந்தியாவில் சான்றளிக்கும், ஆய்வு செய்யும் நிறுவனங்களுக்கு அங்கீகாரம் தருவது இந்தியத் தரக் குழுவின் கீழுள்ள என்.ஏ.பி.சி.பி. அதன் தளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டால் அங்கீகாரம் உயிரோடு இருக்கிறதா, நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்று தெரியும். சோதனைக் கூடமென்றால் என்.ஏ.பி.எல். வெளிநாட்டு நிறுவனமென்றால் அந்தந்த நாட்டு அமைப்பிடம் பார்க்க வேண்டும்.

இரண்டு, எதற்குக் கொடுத்தது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அங்கீகாரம் துறைவாரியாகக் கொடுக்கப்படுவது. திருப்பூர் பின்னலாடை ஆலைக்குச் சான்று தரத் தகுதி பெற்ற நிறுவனம் வெள்ளாட்டைப் பற்றிச் சொல்வதற்கு அந்த முத்திரை எந்த மதிப்பும் தராது. அதேபோல, உணவுப் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 22000 வேறு, விலங்கு நலம் வேறு. இறைச்சி சுத்தமாக இருந்தது என்பதற்கும் ஆடு மிதிபடாமல் வந்தது என்பதற்கும் ஒரே தாள் போதாது. ஆய்வு நிறுவனமென்றால் ஐ.எஸ்.ஓ. 17020, பொருளுக்குச் சான்று என்றால் 17065. எந்த எண், எந்தத் துறை என்று கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் விட்டுவிடுங்கள்.

சான்றிதழின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது. எண்ணை நீங்களே அடித்துப் பாருங்கள்.

பெரிய நிறுவனமா, தனி ஆளா?

பெயரைப் பார்க்காமல், அன்று வண்டியில் வந்து இறங்கப் போகிறவர் யார் என்று பாருங்கள். பெரிய நிறுவனம் விலைப்புள்ளி கொடுக்கும்போது மூத்த மருத்துவர் பேசுவார், ஆய்வுக்குப் போன மாதம் சேர்ந்த பையன் வருவான். வருபவரின் பெயரையும் அனுபவத்தையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். பெரிய விலங்கு அனுபவம் வேண்டும். நாய், பூனை மட்டும் பார்த்தவர் எருமை மிரண்டால் முதலில் ஓடுவார்.

தமிழ்நாட்டு ஆள் நல்லதா, கேரளத்து ஆளா?

இரண்டு மொழியும் தெரிந்த ஆள். நம் பக்கம் ஒரு சரக்கின் காகிதத்தைப் பாருங்கள்: ஆனைமலை விவசாயி எழுதிக் கொடுத்த சீட்டு தமிழில், சோதனைச்சாவடி ரசீது மலையாளத்தில், தடுப்பூசிப் பதிவு ஆங்கிலத்தில். டிரைவர் பேசுவது மூன்றும் கலந்து. மொழி தெரியாதவர் வந்தால் பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பவர் யார்? நம் ஆள்தான். அப்போது அவர் கேட்பது நாம் சொல்வதை மட்டும். டிரைவரிடம் தனியாக நின்று டீ குடித்துக்கொண்டே பேசத் தெரிந்தவர்தான் நமக்கு வேண்டும்.

முதல் முறை பேசும்போது என்ன கேட்க வேண்டும்?

நான் கேட்பது ஒன்றுதான்: "நீங்கள் கடைசியாக ஒரு சரக்கை நிறுத்தச் சொன்ன அறிக்கையைக் காட்டுங்கள், பெயர்களை மறைத்துவிட்டுக் கொடுங்கள்." நல்ல தணிக்கையாளரிடம் அப்படி இரண்டு மூன்றாவது இருக்கும். எடுத்துக் கொடுப்பார். "என் வாடிக்கையாளர்கள் எல்லோரும் நல்லவர்கள்" என்று சொன்னால், அவர் தொழுவத்துக்குள் போவதில்லை என்று அர்த்தம்.

கொடுத்த அறிக்கையைப் படியுங்கள். "தண்ணீர் வசதி திருப்திகரம்" என்று எழுதியிருக்கிறாரா, "60 ஆட்டுக்கு ஒரே தொட்டி, மதியம் 2 மணிக்கு அடியில் நாலு விரல் தண்ணீர், பாசி" என்று எழுதியிருக்கிறாரா? இரண்டாவது ஆள் வேண்டும்.

நல்ல தணிக்கை எப்படி இருக்கும்? ஒரு உதாரணம் சொல்ல முடியுமா?

கோபாலபுரம் பக்கம் ஒரு தொழுவம். பாலக்காட்டுக் கணவாயில் மாசி, பங்குனி வெயில் எப்படி என்று தெரியும், அதனால் ஏற்றுவது இரவில். அன்று ஒரு மணிக்கு லோடு. தணிக்கையாளரான டாக்டரம்மா பதினொன்றரைக்கே வந்துவிட்டார். சொல்லிவிட்டு வரவில்லை. காரைக் கொஞ்சம் தள்ளி டீக்கடை ஓரத்தில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார்.

முதலில் ஆட்டைப் பார்க்கவில்லை, டிரைவரைப் பார்த்தார். "சாப்பிட்டாச்சா? எப்போ எழுந்தீங்க?" என்றார். அவர் அன்று காலை ஐந்து மணியிலிருந்து முழித்திருந்தார். குறித்துக்கொண்டார். அப்புறம் லாரிக்குள் ஏறினார். எங்கள் பக்கம் தேங்காய் நார்த்தூள் சும்மா கிடைக்கும், அதனால் தரையில் அதைத்தான் பரப்புவார்கள். ஒரு கை அள்ளிப் பிழிந்தார். விரல் இடுக்கில் தண்ணீர் சொட்டியது. "இதுல ஆடு நிக்காது, வழுக்கும். வைக்கோல் போடுங்க" என்றார்.

வண்டி பதினேழு அடி, அகலம் ஏழடி. 119 சதுர அடி, அதாவது 11 சதுர மீட்டர். விதி 125-இ ஆட்டுக்கு 0.3 சதுர மீட்டர், மாட்டுக்கும் எருமைக்கும் 2 சதுர மீட்டர் என்கிறது. ஆக அந்த வண்டிக்கு 36 ஆடு. டிரிப் ஷீட்டிலும் 36தான் இருந்தது. சரிவுப் பலகை ஓரத்தில் நின்று ஒவ்வொன்றாக எண்ணினார். 38. லோடுமேன் சிரித்துக்கொண்டே "ரெண்டும் குட்டிங்க மேடம், கணக்குல வராது" என்றார். "குட்டிக்கும் தலை இருக்குதே" என்று சொல்லி இரண்டையும் இறக்க வைத்தார்.

கடைசியாக, ஏறிய ஆட்டில் ஐந்தைத் தன் இஷ்டத்துக்குப் பிடித்து, டார்ச் அடித்துக் காது வில்லை எண்ணைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். மறுநாள் அந்த ஐந்து எண்ணையும் வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போனார். பதிவேடு, சந்தைச் சீட்டு, விற்றவர் பெயர். நான்கு சரியாக இருந்தது. ஐந்தாவது எண்ணுக்கு உரிய விவசாயி, "அந்த ஆட்டை ரெண்டு மாசம் முன்னாடியே ஒரு தரகருக்குக் குடுத்துட்டேனே" என்றார். நடுவில் இரண்டு மாதம் அந்த ஆடு எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

அறிக்கையில் ஏழு குறை. எங்கள் ஆளுக்கு முகம் தொங்கிவிட்டது. வாங்குபவர் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் அனுப்பினார்: நார்த்தூளை மாற்றிவிட்டீர்களா?

வீடியோ காலில் தணிக்கை செய்து தருகிறோம் என்கிறார்களே, விலையும் குறைவு?

காகிதம் பார்ப்பதற்கு வீடியோ போதும். ஈர நார்த்தூளைக் கேமரா பிழியாது.

நாங்கள் உயிருடன் அனுப்பவில்லை, இறைச்சியாகத்தான் போகிறது. எங்களுக்கும் இதெல்லாம் உண்டா?

உண்டு, வரிசை இன்னும் நீளம். அறுப்புக் கூடத்துக்கு அபேடா (மத்திய அரசின் வேளாண் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம்) பதிவு வேண்டும். மாட்டிறைச்சிக்கு ஏற்றுமதித் தடை இருப்பதால் எருமை என்றால் எருமைதான் என்பதற்கான ஆவணத்தில் பிசிறே இருக்கக் கூடாது. ஹலால் என்றால், 2024 அக்டோபர் 16 முதல் சவூதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், மலேசியா உட்பட 15 நாடுகளுக்குப் போகும் இறைச்சிக்கு இந்தியத் தரக் குழுவின் ஐ-காஸ் ஹலால் திட்டப்படிச் சான்று வேண்டும். சான்று தரும் அமைப்புக்கும் அதற்கான அங்கீகாரம் வேண்டும். ஊரில் கிடைக்கும் பொதுவான ஹலால் கடிதத்தைக் கொண்டுபோனால் நிற்காது.

ஹலால் சான்று தருபவர் விலங்கு நலத் தணிக்கை செய்ததாக ஆகாது, அதையும் நினைவில் வையுங்கள். ஒரே நாளில் இரண்டு பேரையும் வரவழைத்தால் தொழுவத்தில் ஆடு மிரளும், ஆட்களும் மிரளுவார்கள். தனித்தனி நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

தணிக்கையாளர் வந்தால் உபசாரம் செய்யலாமா? சும்மா அனுப்ப மனசு வரவில்லை.

இளநீர் வெட்டிக் கொடுங்கள். சாப்பாட்டு நேரமென்றால் வேலை செய்பவர்களோடு உட்காரவைத்துச் சாப்பாடு போடுங்கள். போகும்போது டிக்கியில் தேங்காய் மூட்டை ஏற்றுவது, பிள்ளைக்கு என்று கவர் கொடுப்பது வேண்டாம். நல்லவர் என்றால் அதையும் அறிக்கையில் எழுதிவிடுவார். எழுதியவரை எனக்குத் தெரியும்.

குறை சொல்லி எழுதிவிட்டார். இப்போது என்ன?

குறையில் இரண்டு தினுசு. காது வில்லை இல்லாத ஆடு, சினை முற்றிய ஆடு, நொண்டும் ஆடு வண்டியில் என்றால் அது பெரிய குறை, சரக்கு நிற்கும். பதிவேட்டில் தேதி விட்டுப்போனது போன்றவை சிறியவை, நாள் குறித்துச் சரிசெய்யலாம். எதற்கும் சண்டைக்குப் போகாதீர்கள். ஒவ்வொரு குறைக்கும் நேரே என்ன செய்தோம், யார் செய்தது, எந்தத் தேதி, போட்டோ எங்கே என்று நாலு பத்தி போட்ட தாள் ஒன்று தயார் செய்யுங்கள்.

ஆனால் அவர் எழுதியதே தப்பு என்றால் விடவும் கூடாது. அங்கீகாரம் பெற்ற நிறுவனம் எதற்கும் மேல்முறையீட்டு வழி இருந்தாக வேண்டும். எழுத்தில் கேளுங்கள். ஒருமுறை 0.3 சதுர மீட்டரைச் சதுர அடியாக மாற்றும்போது தணிக்கையாளர் பக்கம் கணக்குப் பிசகியது. ஒரே மின்னஞ்சலில் திருத்திக் கொடுத்தார்கள்.

"அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துவிடுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். எடுத்துக் கொடுத்தால் அந்த ஆளை அதற்குப் பிறகு நம்ப முடியாது, வாங்குபவருக்கும் தெரிந்துவிடும்.

ஒப்பந்தத்தில் எதை எழுதாமல் விடக் கூடாது?

முன்னறிவிப்பின்றி வர உரிமை, இரவிலும். இது முதல் வரி. நாள் குறித்து வருபவருக்காகத் தொழுவத்தைக் கழுவுவது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. அடுத்தது அறிக்கை யாருக்குப் போகும்: உங்களுக்கும் வாங்குபவருக்கும் ஒரே நேரத்தில், ஒரே பிரதி. முதலில் உங்களுக்கு வந்து "பார்த்துத் திருத்தி" அனுப்புவது என்றால் அது தணிக்கை ஆகாது. எத்தனை ஆட்டைப் பின்னோக்கித் தேடுவார், அந்த ஆடுகளைத் தேர்ந்தெடுப்பது அவரா நீங்களா என்பதும் எழுத்தில் இருக்கட்டும். அவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். டிரைவர், கூலி ஆட்களிடம் தனியாகப் பேச அனுமதி. அறிக்கை எத்தனை நாளில் வரும். ரகசியம் காப்பது, காப்பீடு, வழக்கு எந்த ஊர் நீதிமன்றம் என்பவை வக்கீல் பார்த்துக்கொள்ளட்டும்.

நம் சந்தையில் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுகிற பழக்கம் உண்டு. அது மாட்டு விலைக்குச் சரி. தணிக்கையாளரோடு எதையும் துண்டுக்குள் பேசாதீர்கள், கட்டணம் உட்பட எல்லாம் தாளில்.

ஒரே ஆளை எத்தனை வருடம் வைத்துக்கொள்ளலாம்?

என் கணக்கு மூன்று வருடம். அதற்கு மேல் அவருக்கு நம் நாயின் பெயர்கூடத் தெரிந்துவிடும். நிறுவனத்தை மாற்ற வேண்டியதில்லை, வருகிற ஆளை மாற்றச் சொன்னால் போதும்.

சின்ன வியாபாரி நான், மாதம் ஒரு வண்டிதான். இவ்வளவு செலவு கட்டுமா?

தனியாகக் கட்டாது. பக்கத்தில் நாலைந்து பேர் ஒரே ஏற்றுமதியாளருக்குக் கொடுக்கிறீர்கள் என்றால், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வழியாகவோ ஏற்றுமதியாளர் வழியாகவோ சேர்ந்து ஒருவரைப் போடுங்கள். பயணச் செலவு பிரிந்துவிடும். ஆனால் அறிக்கை ஒவ்வொரு தொழுவத்துக்கும் தனித்தனியாக வேண்டும். சேர்த்து ஒரே அறிக்கை எழுதினால் ஒருவர் தொட்டியில் பாசி இருந்ததற்கு ஐந்து பேர் சரக்கும் நிற்கும்.

எப்போது கூப்பிட வேண்டும்?

சரக்குக்கு முந்தின வாரம் கூப்பிட்டால் நல்ல ஆள் கிடைக்க மாட்டார், கிடைப்பவர் நல்ல ஆளாக இருக்க மாட்டார். பக்ரீத்துக்கு முன்னால் இரண்டு மாதம் ஆடு கிடைப்பதே கஷ்டம், தணிக்கையாளரின் தேதி அதைவிடக் கஷ்டம். பக்ரீத் வருடா வருடம் பத்துப் பதினொரு நாள் முன்னே வருவதை மறந்து, போன வருடக் காலண்டரைப் பார்த்துத் திட்டம் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். நான்கு மாதம் முன்பே பேசி, முதலில் ஒரு வெள்ளோட்டத் தணிக்கைக்கு வரச் சொல்லுங்கள், காது வில்லைப் பதிவேட்டை மட்டும் பார்க்க. பதிவேடு எந்த நோட்டில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பல பேர் தேடத் தொடங்குகிறார்கள்.